இன்ஜின் நின்றால் இறங்கும் பயிற்சியை ஆபத்தில்லாமல் செய்வது எப்படி

ஒற்றை இன்ஜின் விமானத்தை ஓட்டுபவர், இன்ஜின் நின்றுபோனால் வயலிலோ வெட்டவெளியிலோ இறக்குவதற்கான பயிற்சியை உரிமம் பெற்ற பிறகும் விடாமல் செய்துவர வேண்டும். ஆனால் அந்தப் பயிற்சியிலேயே விமானத்தை இழந்தவர்களும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் விசையைக் குறைத்துவிட்டு, தரையை நெருங்கிய பிறகு அதைத் திரும்பக் கேட்டபோது அது கொடுக்கவில்லை என்பதே அவற்றில் சிலவற்றின் கதை. ஆகவே எந்த உயரத்தில் பயிற்சியைக் கைவிட்டு மேலேறுவது, கேட்டவுடன் இன்ஜின் எழும்படி அதை எப்படி வைத்திருப்பது என்ற இரண்டையும் இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 3000 அடியாவது உயரம் இருக்கட்டும். இடமும் வலமுமாகத் திரும்பி, கீழேயும் பக்கத்திலும் வேறு விமானம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே கோளாறு நேர்ந்தால் கட்டுப்பாடு யார் கையில் இருக்கும் என்பதைப் பயிற்றுநருடன் வாய்விட்டுப் பேசி முடித்துவிடுங்கள். மக்கள் நெருக்கமில்லாத இடங்களில்கூடத் தரையிலிருந்து 500 அடிக்குக் கீழே போகக் கூடாது என்பது பன்னாட்டுப் பறத்தல் விதிகளின் பொது வரம்பு. அந்த வரம்பைத் தொடும் வரை காத்திருக்காமல், அதற்குச் சற்று மேலேயே மேலேறத் தொடங்கிவிடுவதுதான் நல்லது.

எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள பழைய 172 மாடல்களில், த்ராட்டிலை மூடுவதற்கு முன் அதற்குச் சூடான காற்றை அனுப்பும் கார்புரேட்டர் ஹீட்டை முழுவதுமாக இழுத்துவிட வேண்டும். எரிபொருள் ஆவியாவதாலும் காற்று குறுகிய வழியில் விரைவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸுக்கும் மேல் குறையக்கூடும். அதனால் நம் கடலோரத்துப் புழுக்கத்திலும்கூட, விசை குறைந்த நிலையில் உள்ளே பனிக்கட்டி படியலாம். எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் 172எஸ் போன்ற மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. எந்த மாடலானாலும், இறங்கும்போது ஏறத்தாழ 500 அடிக்கு ஒரு முறை த்ராட்டிலைச் சில நொடிகள் திறந்து மூடுங்கள். அதனால் இன்ஜின் குளிர்ந்துபோகாமல் இருக்கும். கேட்டால் கொடுக்கிறது என்பதும் உறுதியாகும்.

எரிபொருள்-காற்றுக் கலவையைச் சீராக்கும் மிக்ஸ்சர் பிடியையோ, எரிபொருள் வால்வையோ, தீப்பொறியைத் தரும் மேக்னெட்டோவின் சாவியையோ பயிற்சிக்காக நிறுத்தவே கூடாது. எரிபொருள் வால்வின் மேல் விரலை வைத்து “இரண்டு தொட்டியும் திறந்திருக்கிறது” என்று சொல்லுங்கள். பிறகு விரலை மிக்ஸ்சர் பிடிக்கும் சாவிக்கும் நகர்த்தி, ஒவ்வொன்றின் நிலையையும் சொல்லுங்கள். விரல் தொட்டால் போதும், எதையும் திருப்ப வேண்டாம். ரேடாருக்குப் பதில் தரும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் இட வேண்டிய 7700 என்ற அவசரக் குறியீட்டையும், 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சொல்ல வேண்டிய ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பையும் அதேபோல் வாயளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை வேகத்தைப் பிடிப்பதுதான். முழு எடையில் 172எஸ் விமானத்தின் சிறந்த சறுக்குவேகம், அதாவது இன்ஜின் இல்லாமல் அதிகத் தூரம் போக உதவும் வேகம், 68 நாட். காற்றில்லாத வேளையில் 1000 அடி உயரத்துக்குச் சுமார் 1.5 கடல்மைல் தூரம் கிடைக்கும். மூக்கை உயர்த்திப் பிடித்தால் இன்னும் தூரம் போகலாம் என்று கை சொல்லும்; உண்மையில் அதனால் தூரம் குறையவே செய்யும்.

இடம் தேடும்போது புகை போகும் போக்கையும் குளத்தின் அலையையும் பார்த்துக் காற்றின் திசையைக் கணியுங்கள். மேலிருந்து மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பங்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் கட்டிய நெல்வயலைவிட அறுவடை முடிந்து காய்ந்த வயல் மேலானது, ஆனால் வரப்புகளுக்குக் குறுக்கே இறங்கும் திட்டம் வேண்டாம். உழுத நிலமானால் சாலின் போக்கிலேயே இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த வயலின் பக்கவாட்டில், இறங்கும் புள்ளிக்கு நேராக, 1000 அடி உயரத்தில் வந்து சேர்ந்தால் வழக்கமான சுற்றுப்பாதையின் கணக்கு அப்படியே கைகொடுக்கும். குறி வயலின் தொடக்கத்தில் இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி இருக்கட்டும்.

வயலை எட்டுவது உறுதியான பிறகே, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்க வேண்டும். உயரம் மிஞ்சினால், ஒரு பக்கம் சாய்ந்து மூக்கை மறுபக்கம் திருப்பி இறங்கும் பக்கவாட்டுச் சறுக்கலால் கழிக்கலாம். 1983ஆம் ஆண்டு எரிபொருள் தீர்ந்த ஒரு போயிங் 767 விமானத்தை கனடாவின் கிம்லியில் இறக்கிய கேப்டன் பியர்சன், கிளைடர் அனுபவத்தால் அதையே செய்தார். செஸ்னா 172இல் ஃபிளாப்புடன் பக்கவாட்டில் சறுக்குவது பற்றி உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதை முதலில் படித்துவிடுங்கள்.

குறித்த உயரம் வந்ததும், வயல் எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், த்ராட்டிலைச் சீராக முழுவதும் திறந்து, கார்புரேட்டர் ஹீட்டை மூடி, ஃபிளாப்பைப் படிப்படியாக உயர்த்தி மேலேறுங்கள். சக்கரம் தரையைத் தொடும் வரையிலான பயிற்சியை விமானநிலையத்தின் ஓடுதளத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியோடு மட்டுமே செய்ய வேண்டும்.

மேலெழும்பியதும் இன்ஜின் நின்றால் ஓடுதளத்துக்கே திரும்பும் பயிற்சி இவற்றிலெல்லாம் கடுமையானது. உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பும்போது ஸ்டால் வேகம் (இறக்கை தூக்குவிசையை இழக்கத் தொடங்கும் வேகம்) ஏறத்தாழ 19 சதவீதம் கூடிவிடும் என்பதால், தாழ்வாக இதை ஒத்திகை பார்க்கவே கூடாது. 3000 அடிக்கு மேலே போய், அங்கேயே ஒரு கற்பனைத் தரையை வைத்துக்கொண்டு, திரும்பி முடிக்க எத்தனை அடி இழக்கிறீர்கள் என்று பயிற்றுநரோடு அளந்து பாருங்கள். திகைத்து நிற்கும் முதல் சில நொடிகளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.