ஒரு கால் மட்டும் வீங்கினால் அலட்சியம் வேண்டாம்

கெண்டைக்கால் தசை சுருங்கும்போது காலின் ஆழ்சிரைகளில் (தசைகளுக்குள் ஆழமாக ஓடும் இரத்தக் குழாய்களில்) உள்ள இரத்தம் இதயத்தை நோக்கி மேலே தள்ளப்படுகிறது. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரத்தம் தேங்கி உறையும் வாய்ப்பு கூடுகிறது. மணிக்கொரு முறை எழுந்து நடங்கள்; பயணத்தில் அது முடியாவிட்டால் குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்துங்கள். அறுவை சிகிச்சை முடிந்தவர்களும், கர்ப்பிணிகளும், பிரசவமாகி 6 வாரம் ஆகாதவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால், அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள். தயவுசெய்து அந்தக் காலை நீவிவிடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் அன்போடு செய்யும் தவறு இது. நீவினால் உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.