மஞ்சள் பூவைத் திருப்பிப் பாருங்கள்: ஏரிக்கரை நீர்க்கிராம்பை அடையாளம் காண்பது எப்படி

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும், உள்ளே வாடிப்போன களை ஒன்று இருக்கும். "அண்ணா, இது என்ன பூண்டு, எதுக்குச் சாகும்?" என்பதுதான் வழக்கமான கேள்வி. இப்போது கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. வீட்டுப் பிள்ளைகள் போனில் படம் எடுத்துச் செடி ஆப்பில் போடுகிறார்கள். அது 'ஈவினிங் ப்ரிம்ரோஸ்' என்கிறது. அந்தப் பெயரைத் தேடினால் எண்ணெய் மாத்திரையும் அதன் விலையும் வந்து நிற்கின்றன. "ஏரிக்கரை பூரா இதாண்ணா நிக்குது, விதையை எடுத்து வித்தா காசாகுமா?" என்று அகரம் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டேவிட்டார்.

ஆகாது. ஆனால் ஆப் முழுக்கப் பொய் சொல்லவில்லை. குடும்பம் சரி, ஆள் வேறு. ஈவினிங் ப்ரிம்ரோஸ் என்பது ஈனோத்தெரா. மாத்திரைக்கு எண்ணெய் எடுக்கும் ஈனோத்தெரா பயென்னிஸ் வட அமெரிக்காவின் செடி. அதே ஒனாக்ரேசியே குடும்பத்தில் நம் ஊர்த் தண்ணீர் ஓரத்தில் மஞ்சளாகப் பூப்பவை லுட்விஜியா. தமிழில் நீர்க்கிராம்பு, காட்டுக்கிராம்பு என்று சொல்வார்கள். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எல்லாமே 'மஞ்சப்பூ களை'தான். தாவரவியல் படித்துவிட்டு உரக்கடைக்கு வந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் ஆசை அதிகம். கல்லாவில் உட்கார்ந்தபடி பலருக்கும் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

முதலில் நேரம். நீர்க்கிராம்பைப் பார்க்கக் காலையில் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் பூ நன்றாக விரிந்திருக்கும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. மதியத்துக்கு மேல் செடியைத் தொட்டாலே இதழ் கொட்டும். ஈனோத்தெரா பயென்னிஸ் நேர் எதிர்: பொழுது சாயும்போது விரிந்து, இரவெல்லாம் அந்துப்பூச்சிகளுக்குக் காத்திருந்து, மறுநாள் வெயிலில் வாடிவிடும். ஆகவே காலை எட்டு மணிக்குப் பளிச்சென்று புதிதாக விரிந்து நிற்கும் பூவை மாலைப் பூ என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். சரி, நம் பக்கத்தில் மாலையில் விரியும் மஞ்சள் பூவே இல்லையா என்றால், துத்தி இருக்கிறது. ஆனால் துத்திக்கு இதழ் ஐந்து, இலை இதய வடிவில் மெத்தென்று இருக்கும், அது வளர்வதும் மேட்டு நிலத்தில், கொல்லை ஓரத்தில்.

அடுத்தது இடம். கால் நனையும் இடமாகப் பாருங்கள். ஏரியின் உள்வாய், மதகுக்குக் கீழே கசியும் பகுதி, கோடி வாய்க்கால், நெல் கழனியின் வரப்பு. கே.ஆர்.பி. அணையின் இடது, வலது வாய்க்கால்கள் ஓடும் எங்கள் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. பாரூர் ஏரியை ஒட்டிய கழனிகள், தருமபுரி பக்கம் வாணியாறு, தும்பலஹள்ளி அணைகளின் பாசனப் பகுதிகள் எல்லாம் தேடத் தகுந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, ஏரித் தண்ணீர் மெல்லப் பின்வாங்கிச் சேறு தெரிய ஆரம்பிக்கும் நாட்கள் இதற்கு மிக நல்லவை. மாந்தோப்பிலும் ராகிக் கொல்லையிலும் தேடி அலைய வேண்டாம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பூவை மேலிருந்து பார்க்காதீர்கள். நான்கு மஞ்சள் இதழ் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஆப்பும் ஏமாறுகிறது, ஆட்களும் ஏமாறுகிறார்கள். பூவைப் பக்கவாட்டில் திருப்பி, இதழுக்குக் கீழே பாருங்கள். பூக்காம்பு என்று நீங்கள் நினைக்கும் நீளமான பகுதியில் பெரும்பங்கு காம்பே இல்லை, காய். அதாவது சூற்பை இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. அதன் தலையில் நான்கு பச்சைப் புல்லி இதழ்கள், அவற்றுக்கு இடையிடையே மஞ்சள் இதழ்கள். மஞ்சள் உதிர்ந்த பிறகும் அந்தப் பச்சை நான்கும் போகாது. காய் முற்றும்வரை உச்சியில் விரிந்தபடியே நிற்கும். மளிகைக் கடைக் கிராம்பை நீட்டி இழுத்துவிட்டது போல இருக்கும்.

இந்த ஓர் அடையாளமே போலிகளில் முக்கால்வாசியைக் கழித்துவிடும். என் கடைக்கு வரும் பெரிய போலி நாய்க்கடுகு. அதற்கும் நான்கு மஞ்சள் இதழ், அதற்கும் நீளமான காய். ஆனால் நாய்க்கடுகில் காய் பூவின் நடுவிலிருந்து மேலே கிளம்பும். இதழ்கள் காயின் அடியில் இருக்கும், காயின் தலையில் எதுவும் இருக்காது. நான்கு இதழும் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்பதையும் கவனிக்கலாம். இலை மூன்று, ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். செடியைத் தொட்டால் விரலில் பிசுபிசுக்கும், ஒரு வாடையும் வரும். நீர்க்கிராம்புக்கு இலை முழு இலை, நீண்டு ஒடுங்கியது, தண்டில் மாறி மாறி ஒவ்வொன்றாக வரும். பிசுபிசுப்பு கிடையாது. கடுகுப் பூவிலும் இதே கதைதான், காய் உள்ளேயிருந்துதான் வரும். பிரம்மதண்டைச் சொல்லவே வேண்டாம், முள்ளே காட்டிக்கொடுத்துவிடும். ஓசூர் நர்சரிகளில் தொட்டியில் விற்கும் டர்னெராவுக்கு ஐந்து இதழ்.

அப்புறம், அசல் ஈனோத்தெராவிலிருந்து பிரித்துக் காட்டவும் இதே இடம்தான் உதவும். ஈனோத்தெராவிலும் காய் கீழேதான். ஆனால் காய்க்கும் இதழுக்கும் நடுவே மெல்லிய குழாய் ஒன்று நீண்டிருக்கும். பயென்னிஸில் அது ஓர் அங்குலத்துக்கு மேலேயே வரும். நீர்க்கிராம்பில் அந்தக் குழாய் கிடையாது, காய் முடிந்த இடத்திலேயே இதழ் ஆரம்பித்துவிடும். ஈனோத்தெராவின் புல்லி இதழ்கள் பின்னோக்கி மடங்கி, பூவோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். பூவின் நடுவே உள்ள சூலகமுடி அதில் நான்காகப் பிரிந்து சிலுவையாக நிற்கும், நம்முடையதில் ஒரே குண்டாக இருக்கும். ஈனோத்தெராவில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளில் தோட்டத்திலிருந்து தப்பி வளரும் சில வகைகள் உண்டு. இங்கே கீழே, ஏரிக்கரையில், தானாக முளைத்த ஒன்றை நான் பார்த்ததில்லை.

குடும்பமும் பேரினமும் உறுதியான பிறகு எந்த நீர்க்கிராம்பு என்று பார்க்கலாம். இதற்கு மகரந்தத் தாள்களை, அதாவது பூவின் நடுவே மகரந்தத்தூளைத் தாங்கி நிற்கும் இழைகளை, எண்ண வேண்டும். இதழ்கள் கொட்டுவதற்கு முன்பே எண்ணிவிடுங்கள். பழைய மதராஸ் மாகாணத் தாவர நூல்களைத் தேடிப் படிப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எட்டு, பத்து தாள்கள் உள்ளவற்றை அந்தக் காலத்தில் ஜுஸ்ஸியா என்றும், நான்கு உள்ளவற்றை லுட்விஜியா என்றும் தனித்தனியாக வைத்திருந்தார்கள். 1963-ல் தாவரவியலாளர் பீட்டர் ரேவன் இரண்டையும் லுட்விஜியா என்ற ஒரே பேரினத்தில் வைத்து, 'பழைய உலகம்' எனப்படும் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா பக்கத்து இனங்களைத் திருத்தி எழுதினார். அந்த நூல்களில் நம் ஊரைத் தேடும்போதும் கவனம் வேண்டும்: 1965 வரை நாமெல்லாம் சேலம் மாவட்டம், 2004 வரை கிருஷ்ணகிரியும் தருமபுரிக்குள்தான்.

கண்ணில் முதலில் படுவது லுட்விஜியா ஆக்டோவால்விஸ். செடி இடுப்பளவு வரும், தண்ணீர் வற்றாத இடத்தில் ஆள் உயரமும் போகும். அடித்தண்டு கட்டைபோல் கெட்டியாகிவிடும். செடியில் மெல்லிய ரோமம் இருக்கும். பூ தூரத்திலிருந்தே தெரியும், இதழ் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் வளரும், நரம்புகள் தெளிவாகத் தெரியும், நுனி லேசாகக் குழிந்திருக்கும். தாள் எட்டு. காய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளம், அதில் மேலிருந்து கீழாக எட்டு கோடுகள். இதழ் கொட்டிய பூ ஒன்றை எடுத்து அதன் தலையை உற்றுப் பாருங்கள். நான்கு புல்லி இதழ்களுக்கு நடுவே தட்டையான மேடை, அதில் இதழ் இருந்த ஒவ்வொரு இடத்துக்கு அருகிலும் வெள்ளை ரோமம் சூழ்ந்த சின்னக் குழி. தேன் சுரக்கும் இடம் அதுதான். முற்றிய காயை நசுக்கினால் பழுப்பு நிற விதைகள் தூளாகக் கொட்டும். கையில் ஒட்டினால் விதை என்றே தோன்றாது, அவ்வளவு பொடி. அதில் எண்ணெய் எடுத்து விற்கும் கனவை அங்கேயே விட்டுவிடலாம். ப்ரிம்ரோஸ் எண்ணெய் இதுதான் என்று யாராவது வாயில் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நெல்லுக்குள் சின்னதாக நிற்பது பெரும்பாலும் லுட்விஜியா பெரெனிஸ். பெயரைப் பார்த்துப் பல ஆண்டுச் செடி என்று எண்ண வேண்டாம், ஒரு போகத்துப் பூண்டுதான். தண்டும் காயும் சிவப்போடியிருக்கும், ரோமம் இருக்காது. பூ மிகச் சிறியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இதழ், புல்லி இதழுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். தாள் நான்கு. இதழும் புல்லியும் ஐந்தாக உள்ள பூவும் எப்போதாவது வரும், அப்போது தாளும் ஐந்து. காய் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாது, ஆக்டோவால்விஸில் உள்ள அந்தக் கோடுகளும் இல்லை. "பூவே இல்ல அண்ணா, வெறும் காயாத்தான் இருக்கு" என்று யாராவது கொண்டுவந்தால் அது இதுதான் என்று பார்க்காமலே சொல்வேன். நெல்லுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இது விதை கொட்டிய பிறகு பிடுங்கிப் பயனில்லை, பூக்கும் முன்பே களை எடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே குழப்புவது லுட்விஜியா ஹிஸ்ஸோபிஃபோலியா. பூ பெரெனிஸ் போலச் சின்னது, தாள் ஆக்டோவால்விஸ் போல எட்டு. இங்கே காயைப் பிரித்தால்தான் சந்தேகம் தீரும். முற்றின காயை நகத்தால் நீளவாக்கில் கிழியுங்கள். மேல்பகுதி கொஞ்சம் பருத்திருக்கும், அதற்குள் விதைகள் பல வரிசையாக, ஒட்டாமல் உதிரியாகக் கிடக்கும். கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு அறையிலும் ஒரே வரிசை, ஒவ்வொரு விதையும் தனித்தனியாகக் காய்ச்சுவரின் ஒரு துண்டுக்குள் புதைந்திருக்கும். ஒரே காய்க்குள் இரண்டு விதமான விதை! எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான். காட்டினால் களைக்கொல்லி வாங்க வந்தவர்கூட இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

குளத்தில் மிதந்தபடி வெள்ளைப் பூ பூக்கும் ஓர் உறவும் உண்டு, லுட்விஜியா அட்சென்டென்ஸ். ஐந்து இதழ், பத்து தாள், இதழின் அடியில் மட்டும் மஞ்சள். கணுக்களில் வெள்ளையாகப் பஞ்சுத்தன்மையுள்ள மிதவை வேர்கள் தெரியும். தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலிருந்தே சொல்லிவிடலாம். இறங்கவும் வேண்டாம், அந்தக் கோரைக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. செடி ஆளை மீறிய புதராக, இதழ் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில், காய் குட்டையாகத் தடித்து நான்கு மூலையோடு இருந்தால், அது லுட்விஜியா பெருவியானாவாக இருக்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வால்பாறையின் சதுப்புகளில் பரவி யானைகளின் மேய்ச்சலையே கெடுத்துக்கொண்டிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று கிளையை ஒடித்து வந்து வீட்டுக் குட்டையில் நடாதீர்கள். பார்த்த இடத்தையும் படத்தையும் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

யாரிடமாவது காட்டிக் கேட்பதற்குப் படம் எடுப்பதாக இருந்தால் பூவை மேலிருந்து எடுத்த படம் மட்டும் வேண்டாம், அதை வைத்து நானும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் பூவும் காயும் சேர்ந்து தெரிய ஒன்று, தாள்களை எண்ணும்படி கிட்டத்தில் ஒன்று, இலை தண்டில் சேரும் இடம் ஒன்று, செடி முழுசாகத் தன் இடத்தில் நிற்பது ஒன்று. அளவுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் நல்லது. செடியையே கொண்டுவருவதானால் வேரோடு பிடுங்க வேண்டாம், பூவும் முற்றிய காயும் உள்ள ஒரு கிளை போதும். ஈரக் கவரில் திணிக்காமல் பழைய செய்தித்தாளுக்குள் மடித்து வையுங்கள், இதழ் உதிர்ந்தாலும் தாளுக்குள்ளேயே கிடக்கும். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது.