பழைய டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லையா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

விடிகாலை நாலு மணிக்குத் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வண்டி எழும்பவில்லை என்றால் யாருக்கும் நிதானம் இருக்காது. வீணான செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நான் சொல்வது டாடா 207, பழைய பொலிரோ பிக்கப் மாதிரி, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் முறை) வருவதற்கு முந்தைய டீசல் வண்டிகளைப் பற்றி. இவற்றில் கம்ப்யூட்டர் கிடையாது. பொறுமையாகக் கவனித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று வண்டியே காட்டிவிடும்.

“ஸ்டார்ட் ஆகல” என்று மொத்தமாகச் சொல்வதுதான் முதல் தவறு. அதற்குள் மூன்று வேறு நிலைமைகள் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) எடுக்கவே இல்லை. அல்லது இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது. அல்லது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது பெரும்பாலும் டீசல் பக்கம். இதைப் பிரிக்காமல், பேட்டரி இறங்கிய வண்டிக்கு டீசல் ஃபில்டர் மாற்றுபவர்களையும், டீசல் பைப்பில் காற்று புகுந்து ஏர் பிடித்த வண்டிக்குப் புது பேட்டரி வாங்குபவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக்குக்கு போன் செய்யும்போதும் இந்த மூன்றில் எது என்று சொல்லிவிடுங்கள். அவர் எந்தச் சாமானோடு வருவது என்று முடிவு செய்ய அது போதும்.

எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் இணைப்பு சரியில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் இறுகிப்போய் கரண்ட்டை இழுக்கிறது. வெளிச்சம் மங்காமல் செல்ஃப் பேசாமல் இருந்தால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்த சுவிட்ச்) போகும் சின்ன ஒயர் என்று தேட வேண்டும். ‘டக்’ என்று ஒரே ஒரு கனமான சத்தம் வந்து நின்றால் சொலினாய்டு இழுக்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. மோட்டாருக்குள் கரண்ட்டைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ‘டக டக டக’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியையும் டெர்மினலையும் முதலில் பாருங்கள்.

பேட்டரியில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல பேட்டரி என்று நம்பிவிடுகிறோம். சும்மா நிற்கும்போது 12.6 என்பது முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, இதெல்லாம் சரிதான். ஆனால் பழைய பேட்டரி ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, செல்ஃப் அடித்தவுடன் எட்டுக்கும் ஏழுக்கும் விழுந்துவிடும். ஆகவே இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது.

சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஆனாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது என்றால்? எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான்: எர்த், அதாவது கரண்ட் எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி.

என் வண்டியில் ஒரு ஐப்பசி மழை சமயத்தில் இது நடந்தது. காலையில் செல்ஃப் இழுத்துக்கொண்டே சுற்றும். புது பேட்டரி போட்டேன். சரியாகவில்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார்கள். அப்போதும் அதே கதை. கடைசியில் வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. எஞ்சினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டை உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இற்றுப்போயிருந்ததால், அத்தனை கரண்ட்டும் திரும்பிப்போக அந்த மெல்லிய கேபிளைத்தான் வழியாக வைத்திருந்தது. பட்டையை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் வண்டி முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு வாரமும் ஒரு பேட்டரிப் பணமும் போன பிறகு.

அதனால் சொல்கிறேன், செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால், ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் கவ்வவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். வேகம் கூடினால் கோளாறு எர்த்தில்தான். மீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே, செல்ஃப் சுற்றும்போது 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கம் பேட்டரி முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை இதே மாதிரி பார்க்கலாம். மீட்டர் முள்ளைக் கிளாம்பின்மேல் வைக்காமல் பேட்டரியின் ஈயத் தண்டின்மேலேயே வையுங்கள். இல்லாவிட்டால் கிளாம்புக்கு அடியில் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும் அரிப்புத் தூள் கணக்கில் வராது. அந்தப் பூஞ்சைக்கு வெந்நீரும் சமையல் சோடாவும் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் லாரிக்காரர்கள்தான் உதவிக்கு வருவார்கள். நல்ல மனதோடு செய்யும் இந்த உதவியில் ஒரு ஆபத்து இருக்கிறது. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதன் இரு கோடிகளிலிருந்தும் ஒயர் எடுத்து நம் 12 வோல்ட் வண்டிக்குக் கொடுத்தால் பல்பிலிருந்து டைனமோ வரை எதுவும் போகலாம், பேட்டரியே வெடிக்கலாம். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இரண்டில் சேஸியோடு எர்த் ஆகியிருக்கும் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். கடைசி நெகட்டிவ் முனையை நம் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வாயு பொறியில் பற்றிக்கொள்ளும்.

இனி மூன்றாவது நிலைமை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இங்கே சைலன்சரைப் பார்க்காமல் பானெட்டைத் திறப்பது தவறு. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. நன்றாகச் சுற்றுவதாகத் தெரிந்தாலும் வேகம் போதவில்லை, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) குறைந்திருக்கிறது, சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சின் என்றால் அது வேலை செய்யவில்லை என்று யோசிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை.

டீசல் போகாததற்குச் சாதாரணக் காரணம் ஏர். டேங்க் காலியாகும் வரை ஓட்டியிருப்பீர்கள், ஃபில்டர் மாற்றியிருப்பீர்கள், அல்லது ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். ஏர் எடுக்காமல் செல்ஃபையே அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரியும் போகும், மோட்டாரும் கருகும். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள்; நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை விடவேண்டும். பிறகு நாசிலுக்கு டீசல் தள்ளும் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதே மாதிரி. அதற்கும் மசியாவிட்டால் மட்டும் நாசிலுக்குப் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் பைப் நட்டுகளைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்க வேண்டும். அப்போது அந்தப் பக்கம் கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளி மாதிரி தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏர் எடுத்து வண்டி ஓடிவிட்டது என்பதோடு விட்டுவிடுவதும் தவறு. மறுநாள் காலையிலும் அதே தகராறு என்றால் எங்கோ காற்று நுழைகிறது. டேங்கிலிருந்து வரும் பைப்பில் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. உறிஞ்சும் பக்கம் ஆதலால் காற்றுதான் உள்ளே போகும். ஹோஸ் கிளாம்பு, செப்பு வாஷர் இரண்டையும் பாருங்கள். அப்புறம், ஃபில்டர் அடியில் சேரும் தண்ணீரை வடியுங்கள். பம்ப்பில் டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சொலினாய்டு உள்ள வண்டி என்றால் சாவியை ஆன் செய்யும்போது அங்கே ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் அந்த ஒயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பம்ப்பில் கைவைக்க வேண்டும். பம்ப் வேலை பெரிய செலவு.

ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் ஊற்றுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது, துணியைக் கொளுத்திக் காட்டுவது, இவை மூன்றும் வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஸ்ப்ரே உள்ளே போனால் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனே உடையும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி தனிக் கதை. 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் வடிந்ததும் ஆவலோடு செல்ஃப் அடித்தே எஞ்சினைக் கெடுத்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது; கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் இதே கதிதான். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, ஆயிலில் தண்ணீர் கலந்து டிப்ஸ்டிக்கில் பால் டீ நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் நாசில்களைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.