புகை போரை மீட்பது எப்படி: வேலூர்ப் பாறையில் ஹைட்ரோ ஃபிராக்சரிங்

குடியாத்தம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் எத்தனையோ அடி இறக்கியும் நீர் வராமல் வெறும் கல்மாவுப் புகைதான் வந்தது என்று மூடி போட்டு விட்ட போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்) நிறைய உண்டு. அவற்றில் சிலவற்றை ஹைட்ரோ ஃபிராக்சரிங், அதாவது உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறை வெடிப்புகளைத் திறக்கும் முறை, செய்து மீட்கலாம். எல்லாவற்றையும் மீட்க முடியாது. எதைச் செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று முதலில் பிரிக்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

நம் மாவட்டத்துக் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் வகை. கல்லுக்குள் தண்ணீர் தங்காது, வெடிப்புகளில்தான் ஓடும். போர் அந்த வெடிப்புக்குச் சில அடி தள்ளி இறங்கியிருக்கலாம், அல்லது டிரில் செய்தபோது கல்மாவு ஊற்றுக்கண்ணை அடைத்திருக்கலாம். அழுத்தத்தில் நீரைச் செலுத்தினால் அடைப்பு நீங்கும், குறுகிய வெடிப்பு விரிந்து பக்கத்து வெடிப்போடு சேரும். வழி திறக்கும், அவ்வளவுதான். அந்த வழியில் வர நிலத்தடியில் நீர் இருந்தாக வேண்டும்.

எண்ணெய்க் கிணறுகளில் 1949 முதல் வணிக ரீதியாகச் செய்யும் ஃபிராக்கிங்கும் இதே தத்துவம்தான். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே பல ஆயிரம் அடி ஆழத்தில் பாறையின் பாரம் வெடிப்பை மறுபடி மூடிவிடும் என்பதால் மணலும் ரசாயனமும் கலந்து ஏற்றுகிறார்கள். நம் ஆழத்தில் உடைந்த கல்லின் சொரசொரப்பே வெடிப்பைத் தாங்கிக்கொள்ளும், வெறும் தண்ணீர் போதும்.

போர் போட்டபோது எத்தனை அடியில் ஈரக்கல் வந்தது, எங்கே கல் நிறம் மாறியது, கேசிங் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி என்ற குறிப்பைத் தேடி எடுங்கள். சிறிதளவாவது ஊற்று காட்டிய போர், சுற்றிலும் நீருள்ள கிணறுகளுக்கு நடுவே வறண்ட போர், இவை இரண்டும் நல்ல தேர்வு. அக்கம்பக்கம் எல்லாப் போரும் வற்றிய இடத்தில் செய்வது வீண். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய நிலத்தில் நான் செய்யச் சொல்ல மாட்டேன்: திறக்கும் வெடிப்பு உப்பையும் குரோமியத்தையும் நல்ல போருக்குள் இழுத்துவிடக்கூடும்.

வேலைக்கு முன் இப்போதைய வரத்தை அளந்து எழுதி வையுங்கள். வி நாட்ச் தகட்டில் (90 டிகிரி 'V' வெட்டு உள்ள தகடு; வெட்டின் அடியிலிருந்து நீர் நிற்கும் உயரமே இன்ச் கணக்கு) '1 இன்ச் தண்ணி' நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர், 2 இன்ச் சுமார் 48 லிட்டர், 3 இன்ச் சுமார் 130 லிட்டர். 2 இன்ச் என்பது 1 இன்ச்சின் இரட்டிப்பு அல்ல, 5 மடங்குக்கும் மேல். பேரம் பேசும்போது பலர் ஏமாறுவது இங்கேதான்.

மோட்டாரையும் பைப்பையும் கழற்றி, கம்ப்ரசரால் சேற்றை வெளியேற்றி, கேமரா இறக்கிச் சுவரைப் பாருங்கள். அடுத்து பேக்கர், அதாவது உள்ளே ஊதி விரியும் தடித்த ரப்பர் அடைப்பான். கேசிங் முடிந்த இடத்துக்குக் குறைந்தது 30 அடி கீழே, வெடிப்பே இல்லாத வழுவழுப்பான சுவரில் இது உட்கார வேண்டும். ஊதும் அழுத்தம் செலுத்தும் நீரின் அழுத்தத்தைவிட அதிகம் இருக்க வேண்டும். குறைந்தால் பேக்கர் நழுவி மேலே வரும், எனவே போர் வாய்க்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. உயர் அழுத்த ஹோஸைச் சங்கிலியால் கட்டுங்கள்.

ஒரு கட்டத்துக்கு, அதாவது பேக்கரை ஓரிடத்தில் வைத்து ஒரு முறை செலுத்துவதற்கு, 5,000 முதல் 10,000 லிட்டர் குடிநீர்த் தரத் தண்ணீர் டேங்கரில் தயாராக இருக்கட்டும். 10,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கலக்கவும். ஏரித் தண்ணீரை ஏற்றினால் சேறு போய் வெடிப்பை அடைத்துவிடும்.

பம்பு ஓடத் தொடங்கியதும் உங்கள் கண் அழுத்தம் காட்டும் கேஜில் இருக்கட்டும். முள் 600, 900, 1,200 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) என்று ஏறும், எஞ்சின் சத்தம் கனக்கும். திடீரென்று முள் பாதிக்குச் சரிந்து, நீர் மட்டும் சரளமாக உள்ளே போனால் ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தாமல் மேலும் 10 முதல் 20 நிமிடம் செலுத்துங்கள், வெடிப்பு தூரம் போகும். முள் ஏறவே இல்லை என்றால், பேக்கருக்கு மேலே போர் நீர்மட்டத்தைப் பாருங்கள். அது உயர்ந்தால் பேக்கர் கசிகிறது, அல்லது வெடிப்பு அதைச் சுற்றி மேலே ஏறுகிறது. உயரவில்லை என்றால் கீழே ஏற்கனவே திறந்த வெடிப்பு இருக்கிறது. கேசிங் ஓரம் தரையில் நீர் கொப்பளித்தால் உடனே நிறுத்துங்கள். பம்பின் எல்லை வரை போயும் முள் சரியவில்லையா, அங்கே கல் மிக இறுக்கம், பேக்கர் வைக்கும் இடத்தை மாற்றுங்கள்.

இரண்டாவது கட்டம் முதலாவதற்குக் கீழேதான். பேக்கரை மேலே நகர்த்தினால், கீழே திறந்த வெடிப்பே எல்லா நீரையும் குடித்துவிடும்.

முடிந்ததும் கம்ப்ரசரால் வெளியேற்றுங்கள். முதலில் வருவது நீங்கள் ஏற்றிய தண்ணீர்தான், அதைப் பார்த்து மகிழ வேண்டாம். 10,000 லிட்டர் ஏற்றியிருந்தால் அதற்கு மேல் வெளியே போன பிறகு வருவதுதான் கணக்கு. மறுநாள் போரை வற்ற இறைத்து, நீர் ஏறுவதை அளந்து பாருங்கள். 6.5 இன்ச் போரில் 1 அடிக்கு 6.5 லிட்டர். 10 நிமிடத்தில் 10 அடி ஏறினால் வரத்து நிமிடத்துக்கு 6.5 லிட்டர்தான், வீட்டுக்கு ஓரளவு போதும், கழனிக்குப் போதாது. மோட்டாரை இந்த அளவுக்கு ஏற்ப இறக்குங்கள். குடிக்கும் முன் நீரைச் சோதனைக்குக் கொடுங்கள்: மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 2,000 தாண்டினால் குடிக்க வேண்டாம்.