“லேசான ஆட்டிசம்தானே?”: தரம் பிரிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் குடும்பத்தில் ஆட்டிசம் உள்ளவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். மலேசியாவில் பஹாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்க்கிறேன். இன்னொருவன் என் சித்தி மகன். என்னைவிட எட்டு வயது சின்னவன், வாயால் பேசுவதில்லை. அவனுக்கு நாலு வயதிலேயே ‘லோ ஃபங்ஷனிங்’, அதாவது செயல்திறன் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு 29 வயதில் சிரம்பானில் பார்த்த மருத்துவர் ‘ஹை ஃபங்ஷனிங்’, செயல்திறன் அதிகம் என்றார். அன்று ராத்திரி சித்தி அம்மாவிடம் போனில் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது: “உன் பொண்ணுக்குக் கொஞ்சம்தான்லா அக்கா, என் பையனுக்குத்தான் முழுசு.”

கொஞ்சம், முழுசு. என்னவோ மைலோ கலக்குகிற மாதிரி.

சித்தி மேல் கோபமில்லை. பள்ளியில், கோயிலில், கல்யாண மண்டபத்தில், ஒட்டுக்கடையில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு ஏன் இந்த ‘ஹை’யும் ‘லோ’வும் பிடிப்பதில்லை என்பதையும், எந்த இடங்களில் நல்ல மனசுள்ளவர்களே தவறிவிடுகிறார்கள் என்பதையும் எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதல் தவறு, இந்த இரண்டையும் நோயறிதலின் பெயர் என்று நினைப்பது. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம் கையேட்டில் ‘ஹை ஃபங்ஷனிங் ஆட்டிசம்’ என்ற பெயர் எந்தப் பதிப்பிலும் இருந்ததில்லை. ஐ.கியூ 70க்கு மேல் இருந்தவர்களைக் குறிக்க ஆய்வாளர்கள் புழங்கிய சொல் அது. அவர்களிடமிருந்து கிளினிக்குக்கு வந்து, கிளினிக்கிலிருந்து நம் வாய்க்கு வந்துவிட்டது.

சரி, ஐ.கியூ நன்றாக இருந்தால் அன்றாட வாழ்க்கையும் நன்றாகத்தானே ஓடும்? இங்கேதான் பெரிய சறுக்கல். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டிசம் உள்ள 2,225 பிள்ளைகள், இளையோரின் விவரங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. உடுத்துவது, பேசிப் பழகுவது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது போன்ற அன்றாடத் திறன்களை ஐ.கியூவை வைத்துச் சரியாகக் கணிக்க முடியவில்லை. அறிவு வளர்ச்சிக் குறைபாடு இல்லாத பிள்ளைகளிடம், ஐ.கியூவுக்கும் அன்றாடத் திறனுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. ‘ஹை ஃபங்ஷனிங்’ என்ற சொல்லையே விட்டுவிடலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள்.

என் கதையும் அதேதான். நூற்றுச் சொச்சம் பேரின் செக்ரோலை, அதாவது சம்பளப் பட்டியலை மாதாமாதம் நான்தான் போடுகிறேன். யார் எத்தனை நாள் வந்தார்கள், யாருக்கு எத்தனை குலைக்குக் கூலி, யாருக்கு முன்பணக் கழிவு, எதிலும் ஒரு சென் பிசகாது. ஆனால் செக்ரோல் முடிக்கிற அந்த நாலைந்து நாளும் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது. அரிசி இருக்கும், கேஸ் இருக்கும், பசியும் இருக்கும். அரிசியைக் கழுவுவதா, முதலில் பானையை எடுப்பதா என்று அடுக்களையில் நின்றுகொண்டே இருப்பேன். கடைசியில் பிஸ்கட் டின்தான். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி திடீரென்று சத்தம் போட்டு எதையாவது கேட்டால், பதில் தெரிந்தும் வாய் வராது. அப்போது என்னைப் பார்ப்பவர் எந்தத் தரத்தில் வைப்பார்?

அப்புறம், பாராட்டு என்று நினைத்துச் சொல்வது: “பார்த்தா தெரியவே இல்லையே!” மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார்கள், புரிகிறது. ஆனால் தெரியாமல் இருப்பதற்கு நான் கொடுக்கும் விலை யாருக்கும் தெரியாது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்தைப் பார்ப்பது, மற்றவர்கள் சிரித்த அரை நொடி கழித்துச் சிரிப்பது, ஆட்ட வேண்டும்போல் இருக்கும் கையை மேசைக்கு அடியில் தொடைக்குள் அழுத்தி வைப்பது. நாள் முழுக்க இப்படி இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் விளக்குகூடப் போடாமல் தரையில் படுத்துவிடுவேன். ‘ஹை’ என்ற சொல்லுக்குள் இதெல்லாம் மறைந்துபோகிறது. உதவி கேட்டால், “உனக்கு லேசாத்தானே, கொஞ்சம் முயற்சி பண்ணு” என்பார்கள். முயற்சி பண்ணிப் பண்ணித்தான் லேசாகத் தெரிகிறது.

போன வருஷம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் உறுமி மேளம், உள்ளே ஸ்பீக்கர், மேடைக்கு முன்னால் வீடியோ விளக்கு. நான் ஒரு நாற்காலியில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே எல்லாம் உடைந்துகொண்டிருந்தது. அம்மா பக்கத்திலேயே இருந்தார், கவனிக்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான் என்பதற்காக. அவன் எழுந்து வந்து, என் நாற்காலிக்கு அடியில் இருந்த மோட்டார் ஹெல்மெட்டை எடுத்து என் மடியில் வைத்தான். வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தான். ஹெல்மெட் போட்டால் எனக்குச் சத்தம் குறையும் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் வெளியே போய்க் கார் நிறுத்தும் இடத்தில் அரைமணி நேரம் நின்றோம், நான் ஹெல்மெட்டோடு, அவன் காதைப் பொத்திய கையோடு. அந்த நேரத்தில் என்னாலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

பேசாதவர்களைப் பற்றிய தவறுகள் இன்னும் மோசமானவை. முதலாவது, அவர்கள் காது கேட்கவே அவர்களைப் பற்றிப் பேசுவது. “இவன் இருக்கிற வரைக்கும் உனக்கு எங்க நிம்மதி” என்று ஒருவர் தம்பி எதிரிலேயே சித்திக்கு ஆறுதல் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு வராதது வேறு, புரியாதது வேறு. எவ்வளவு புரிகிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், புரிகிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதில் நஷ்டமில்லை. இரண்டாவது, ‘லோ’ என்று ஒருமுறை எழுதியதும் சொல்லிக்கொடுப்பதையே நிறுத்திவிடுவது. பட அட்டை, டேப்லெட், சைகை என்று பேச்சுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தம்பிக்குப் பட அட்டை கிடைத்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, முத்திரை அவ்வளவு பலமாக ஒட்டியிருந்தது. இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு: பேசாதவனுக்குள் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்று கதை கட்டுவது. தம்பி மேதை இல்லை. மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்றால் அதுவும் ஒரு தரம் பிரிப்பு.

இப்போது ‘லெவல்’ என்று சொல்கிறார்களே, அது பரவாயில்லையா? 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5, ஆஸ்பெர்கர் (பேச்சும் அறிவு வளர்ச்சியும் தாமதமாகாதவர்களுக்கு வைத்திருந்த பெயர்) போன்ற தனிப் பெயர்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்து, மூன்று நிலைகளை வைத்தது: ஆதரவு தேவை, கணிசமான ஆதரவு தேவை, மிகக் கணிசமான ஆதரவு தேவை. சமூகத் தொடர்புக்கு ஒரு நிலை, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களுக்கும் புலன் உணர்வு சார்ந்தவற்றுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு நிலை. ஒருவருக்கு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும் என்று கையேடே சொல்கிறது. யாருக்கு உதவி தரலாம், தரக்கூடாது என்று தீர்மானிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டு எண்ணை ஒரு எண்ணாக்கி, பரீட்சை கிரேடு மாதிரி, “லெவல் ஒன்னுதான், கடவுள் புண்ணியம்” என்கிறார்கள். அந்த ஒன்றுக்கும் எதிரில் ‘ஆதரவு தேவை’ என்றுதான் எழுதியிருக்கிறது.

ஆஸ்பெர்கர் என்ற பெயரைச் சிலர் இன்னும் தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயரோடு வளர்ந்தவர்கள், அது அவர்கள் விருப்பம். நாமாக இன்னொருவருக்குச் சூட்டாமல் இருப்பது நல்லது. வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நாஜி ஆட்சியில் ஊனமுற்ற பிள்ளைகள் கொல்லப்பட்ட ஷ்பீகல்குருண்ட் நிலையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார் என்பதை 2018-ல் வரலாற்று ஆய்வாளர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு வெளியிட்டார்.

நம் நாட்டுக்கே உரிய தவறு ஒன்று, ஓ.கே.யு கார்டு விஷயம், அதாவது அரசாங்கம் தரும் மாற்றுத்திறனாளி அட்டை. ஆட்டிசம் அங்கே மலாயில் ‘மஸாலாஹ் பெம்பலாஜாரான்’, அதாவது கற்றல் சிக்கல் என்ற பிரிவில் வருகிறது. தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவியாக வந்த பிள்ளைக்குக் கற்றல் சிக்கல் என்று கார்டா என்று வீட்டில் தடுக்கிறார்கள். லேசானதற்கு எதற்குக் கார்டு, நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கணக்கும் உண்டு. பிரிவின் பெயர் பொருந்தவில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் கார்டு எடுத்தேன். போன் எடுக்க முடியாது, எழுதிக் கேட்டால் பதில் தருகிறேன் என்று வேலையிடத்தில் சொல்ல எனக்கு ஒரு பிடிமானம் தேவைப்பட்டது.

ஹை-லோ வேண்டாம் என்று சொல்லும் நாங்களும் ஒரு தவறு செய்கிறோம். எல்லாருக்கும் ஆட்டிசம் ஒன்றுதான், வித்தியாசமே இல்லை என்று பேசிவிடுகிறோம். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மகனைக் கழுவி உடை மாற்றும் சித்தியிடம் இதைச் சொன்னால் கையில் கிடைப்பதை எடுத்து எறிவார், எறியலாம். 24 மணி நேரமும் பெரியவர் ஒருவரின் துணை தேவைப்படுகிறவர்களுக்கு ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்று தனிப்பெயர் வேண்டும் என 2021-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் முன்வைத்தது. அதை வரவேற்ற பெற்றோர் பலர், எதிர்த்த ஆட்டிசம் உள்ளவர்களும் பலர். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆனால் சித்தியின் களைப்பு கண்ணெதிரில் இருக்கிறது. தேவைகள் ஒன்றல்ல. அதை ஒற்றைச் சொல்லில் அடைக்காமல் விவரமாகச் சொல்லலாம் என்பதுதான் என் வாதம். “சத்தம் தாங்காது, முன்கூட்டியே சொன்னால் வருவான், குளிக்கத் துணை வேண்டும்” என்று சொன்னால் ஒரு டீச்சருக்கு வேலை செய்ய ஏதாவது கிடைக்கும். ‘லோ’ என்றால் என்ன கிடைக்கும்?

போன மாதம் தம்பியைப் பகல்நேர மையம் ஒன்றில் சேர்க்க ஒரு படிவம் வந்தது. லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்று கட்டம். சித்தி என்னிடம் கொடுத்து, “நீதானே எழுதுறவ, போடு” என்றார். கடுமை என்ற கட்டத்தில் குறி போட்டேன், போடாவிட்டால் இடம் கிடைக்காது. பிறகு ஆபீஸ் தாள் ஒன்றை எடுத்து, அவனுக்கு எது முடியும், எதற்குத் துணை வேண்டும், எந்தச் சத்தம் ஆகாது, வேண்டாம் என்றால் எப்படிக் காட்டுவான் என்று முழுப் பக்கம் எழுதிப் படிவத்தோடு ஸ்டேப்லர் அடித்தேன். சித்தி வாங்கி, கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்தார்.

“மீயில தவுகே போட்டா சாப்பிட மாட்டான், அதையும் எழுதும்மா” என்றார். எழுதினேன்.