குதிரையின் மூக்கில் இரத்தம் கண்டால்

திருகோணமலையில் கச்சான் காற்று அனலாய் வீசும் நாளொன்றில் உங்கள் குதிரையின் மூக்கில் இரத்தம் கண்டால், அதை நிழலில் அசையாது நிறுத்தி, தலையை உயர்த்திக் கட்டாமல், ஒரு துவாரத்திலா இரண்டிலுமா வடிகிறது என்று பாருங்கள். குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிப்பதால் பஞ்சோ துணியோ அடைக்கவே கூடாது.

ஒரு துவாரத்தில் சில துளிகள் வந்து 15 நிமிடத்துக்குள் நின்றால், அது பெரும்பாலும் முட்டிக்கொண்ட காயமாகவே இருக்கும். ஓட்டத்தின் பின் இரண்டிலும் வந்தால் நுரையீரல் கசிவாக இருக்கலாம். ஓய்வும் மிருக வைத்தியரும் தேவை. உண்மையில் அஞ்சவேண்டியது, கொட்டிலில் சும்மா நிற்கையில் வரும் இரத்தமே: தொண்டையருகேயுள்ள காற்றுப்பையில் பூஞ்சணம் பிடித்துத் தலைக்குச் செல்லும் நாடியை அரித்தால், முதலில் சிறிது கசிந்து நின்று, சில நாட்களில் உயிரைப் பறிக்கும் பெருக்காகத் திரும்பலாம். தானாக நின்றுவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். பல்முரசு வெளிறியிருந்தால் நள்ளிரவானாலும் வைத்தியரை அழையுங்கள்.