அமெரிக்காவில் வாடகை வீடா? ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் எடுப்பது எப்படி

2021 பிப்ரவரி. டெக்சஸ் முழுக்க உறைந்துபோன வாரம் அது. இர்விங்கில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட்டில் மாடி வீட்டுக் குழாய் வெடித்து, எங்கள் படுக்கையறைக் கூரை வழியாகத் தண்ணீர் கொட்டியது. மெத்தை, லேப்டாப், சூட்கேஸில் இருந்த பட்டுப்புடவைகள் எல்லாம் ஊறிவிட்டன. லீசிங் ஆபீஸுக்கு ஓடினால், "கூரையை நாங்கள் சரிசெய்து தருகிறோம். சாமான்களுக்கு உங்கள் இன்ஷூரன்ஸைக் கேளுங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். வீட்டுக்காரரின் பாலிசி அவருடைய சுவருக்கும் கூரைக்கும்தான். உள்ளே கிடக்கும் நம் பொருளுக்கு அதில் ஒரு சென்ட் வராது.

வாடகைக்கு இருப்பவர் தன் பொருளுக்காக எடுப்பதுதான் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ். என்னிடம் அப்போது அப்படி ஒரு பாலிசி இருந்தது. லீஸில் கேட்டார்களே என்று, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எடுத்தது. அந்த அவசரத்தில் செய்த தப்புகள்தான் கீழே படிகளாக மாறியிருக்கின்றன.

படி 1: லீஸை எடுத்து இன்ஷூரன்ஸ் பகுதியைப் படியுங்கள். பெரும்பாலும் 1 லட்சம் டாலர் லயபிலிட்டி கேட்டிருப்பார்கள். அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுப் போன் பேசப் போகிறீர்கள், தீப்பிடித்துப் பக்கத்து வீடு வரை பரவிவிடுகிறது என்று வையுங்கள். அந்த நஷ்டத்தை வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் கம்பெனியே உங்களிடம் கேட்டு வரலாம். அப்போது கைகொடுப்பது இந்த லயபிலிட்டி. சில இடங்களில் வாடகையோடு மாதாமாதம் சில டாலர் சேர்த்துக் கட்டினால் பாலிசியே வேண்டாம் என்பார்கள். நன்றாக விசாரியுங்கள். பெரும்பாலும் அது கட்டிடத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு, உங்கள் சோபாவை அல்ல.

படி 2: வீட்டில் என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள். போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்து, அலமாரிகளையும் திறந்து காட்டி, அதை உங்களுக்கே ஈமெயிலில் அனுப்பி வையுங்கள். சமையலறையை மறக்காதீர்கள். என் கிளெய்மைப் பார்த்தவர் 'வெட் கிரைண்டர்' என்பதைக் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் என்று நினைத்து 25 டாலர் போட்டிருந்தார். கல்லும் மாவுமாக இருந்த பழைய வீடியோ ஒன்றை அனுப்பிய பிறகுதான் மனிதருக்குப் புரிந்தது.

படி 3: இதில்தான் நான் கோட்டை விட்டேன். பொருளுக்கு எப்படி விலை போடுவார்கள் என்பதில் இரண்டு வகை உண்டு. 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்றால் தேய்மானம் கழித்துத் தருவார்கள். 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்றால் அதே மாதிரிப் புதிதாக வாங்க ஆகும் செலவு. நான் எடுத்திருந்தது முதல் வகை. எல்லாவற்றையும் சேர்த்து 2,100 டாலர் மதிப்புப் போட்டு, டிடக்டிபிள் (நஷ்டத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை) 500-ஐக் கழித்து, 1,600 கொடுத்தார்கள். திரும்ப வாங்க ஆன செலவு 3,900. பட்டுப்புடவைக்கும் தேய்மானம் போட்டதை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது வகைக்குப் பிரீமியம் கொஞ்சம்தான் கூடும், அதையே எடுங்கள்.

படி 4: நகை. நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். 30,000 டாலருக்குப் பாலிசி எடுத்திருந்தாலும், நகை திருட்டுப் போனால் அதற்கென்று தனி உச்சவரம்பு வைத்திருப்பார்கள். பல பாலிசிகளில் அது 1,500 டாலர். ஐந்து பவுன் தாலிக்கொடிக்கே அது காணாது! ஊரிலிருந்து கொண்டுவந்த நகை வீட்டில் இருந்தால், ரசீதோ மதிப்பீட்டுச் சான்றோ கொடுத்து ஒவ்வொன்றையும் தனியாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பேங்க் லாக்கர்தான் உத்தமம்.

படி 5: தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் பணம். குழாய் வெடித்தால் உண்டு. மழை வெள்ளம் வாசல் வழியாக உள்ளே வந்தால் கிடையாது. 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு வெள்ளத்தில் போன பொருளுக்கு வழியில்லாமல் போனது இதனால்தான். வெள்ளத்துக்கு மத்திய அரசின் என்எஃப்ஐபி திட்டத்தில், வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் 1 லட்சம் டாலர் வரை தனியாக எடுக்கலாம். பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். புயல் செய்தியைப் பார்த்த பிறகு எடுத்துப் பயனில்லை. நிலநடுக்கமும் இப்படித்தான், தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

படி 6: இனி வாங்கலாம். ஆன்லைனிலேயே பத்து நிமிட வேலை, சாதாரணமாக மாதம் 15, 20 டாலர் ஆகும். கார் இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் கம்பெனியிலேயே கேட்டால் இரண்டிலும் தள்ளுபடி கிடைக்கலாம். ரூம்மேட்டோடு இருக்கிறீர்களா? உங்கள் பாலிசியில் அவர் பெயர் இல்லையென்றால் அவர் பொருளுக்கு எதுவும் கிடைக்காது. ஆளுக்கொன்று எடுப்பதே நல்லது. வீடு குடியிருக்க முடியாமல் போனால் ஹோட்டல் செலவு தரும் 'லாஸ் ஆஃப் யூஸ்' இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஒன்பது நாள் ஹோட்டல் பில்லைக் கட்டியது அதுதான். இன்னொன்று, காரில் வைத்த லேப்டாப் திருட்டுப் போனால் கேட்க வேண்டியதும் இந்தப் பாலிசியில்தான், கார் பாலிசியில் அல்ல.

கடைசியாக, 'இன்ட்ரஸ்டட் பார்ட்டி' (பாலிசி பற்றிய தகவல் போக வேண்டியவர்) என்ற இடத்தில் அப்பார்ட்மென்ட்டின் பெயரைப் போட்டு, பாலிசியின் சுருக்கம் இருக்கும் டெக்ளரேஷன் பேஜை லீசிங் ஆபீஸுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் வீடு மாறும்போது சாவி வாங்கும் நாளிலேயே பாலிசியிலும் முகவரியை மாற்றிவிடுங்கள்.